நெல் லோடும் ரீட்ஆப்ஜெக்ட்டும்

நீடாமங்கலத்தை ஒட்டிய ஓர் அரவை ஆலைக்காக நான் பராமரித்துவரும் ஜாவா நிரலில், உள்ளே வரும் ஒவ்வொரு நெல் லோடும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது தொடர்புள்ள தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அலகு. விற்பவர் பெயர், ஊர், நெல் ரகம், சிப்பங்களின் எண்ணிக்கை, ஈரப்பதம், லோடோடு நின்ற வண்டியின் எடை, இறக்கிய பின் காலி வண்டியின் எடை ஆகியவை அதன் புலங்கள். கொள்முதல் பெரும்பாலும் களத்துமேடுகளில் நடக்கிறது. செல்பேசிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கே இணையம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே களத்து மடிக்கணினியிலும், வண்டியை எடைபோடும் வேபிரிட்ஜ் அறையின் கணினியிலும் ஆப்ஜெக்ட்டுகளைக் கோப்பாக எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அலுவலகத்துக்கு அனுப்புவது, அதற்கும் வழியில்லாத நாளில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புவது என்ற ஏற்பாடு எனக்கு முன்பே இருந்தது.

இதைச் செய்ய ஜாவாவில் கிளாஸின் (ஆப்ஜெக்ட்டுகளுக்கான வார்ப்புரு) தலைவரியில் சீரியலைசபிள் என்று சேர்த்தால் போதும். 1997-இல் வெளியான ஜேடிகே (ஜாவா நிரலாளருக்கான கருவித் தொகுப்பு) 1.1-இல் வந்த வசதி அது. சீரியலைசபிள் ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு கிளாஸ் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம். அதில் ஒரு மெத்தட்கூட (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) கிடையாது, வெறும் அடையாளக் குறி. இவ்வளவு எளிதாக இருப்பதுதான் சிக்கலுக்கும் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஒரு புலத்தைப் பிரைவேட் (கிளாஸுக்கு வெளியே தெரியாதது) என்று அறிவிக்கும்போது, அதை நாளைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை நமக்கென்று வைத்துக்கொள்கிறோம். சீரியலைசபிள் என்று எழுதிய நொடியில் அந்தப் பிரைவேட் புலத்தின் பெயரும் வகையும் கோப்பின் வடிவமாகி, வேறு கணினிகளில், வேறு பதிப்புகளின் கையில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. இதைத் தடுக்க ஜாவா தரும் கருவிகள் பல. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றே: இந்த ஆப்ஜெக்ட் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுதுகிறோமா, அது எதைச் சொல்கிறது என்பதை எழுதுகிறோமா?

ஜாவாவின் சொந்த நூலகமே இயல்பான வடிவத்தை நம்புவதில்லை. சாவி, மதிப்பு என்ற இணைகளைச் சேர்த்து வைக்கும் ஹேஷ்மேப்பின் உள்ளே இருக்கும் அட்டவணை டிரான்சியன்ட் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது அது கோப்புக்குப் போகாது. கோப்பில் எழுதும் வேலையைச் செய்யும் அதன் ரைட்ஆப்ஜெக்ட் மெத்தட், எத்தனை இணைகள் இருக்கின்றன என்பதை எழுதிவிட்டு, சாவியையும் மதிப்பையும் ஒவ்வொன்றாக எழுதுகிறது. படிக்கும்போது அவற்றை மீண்டும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் புதிய அட்டவணையை உருவாக்குகிறது. காரணம் நேரடியானது: ஒரு சாவி அட்டவணையில் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஹேஷ் எண் இந்தக் கணினியில் ஒன்றாகவும் அடுத்த கணினியில் வேறாகவும் இருக்கக்கூடும், பழைய அட்டவணையை அப்படியே தூக்கி வைத்தால், உள்ளே இருக்கும் சாவியே தேடும்போது அகப்படாது. பட்டியலை வைத்திருக்கும் அர்ரேலிஸ்ட்டும் இப்படித்தான், இடவசதிக்காக வைத்திருக்கும் காலி இடங்களை விட்டுவிட்டு, இருக்கும் உறுப்புகளை மட்டும் எழுதுகிறது. நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, முடிச்சாகக் கட்டித்தானே நடவு வயலுக்கு அனுப்புகிறோம். நாற்றங்கால் மண்ணை யாரும் வண்டியில் ஏற்றுவதில்லை.

லோடுகளுக்கான என் நெல்வரவு கிளாஸில் அந்தச் சேறு எது? எடைமேடையோடு பேசும் சீரியல் போர்ட்டின் இணைப்பு, திரைக்குச் செய்தி அனுப்பும் கேட்பான்களின் பட்டியல், ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்ட நிகர எடை ஆகியவை. இவை மூன்றுக்கும் டிரான்சியன்ட் போட்டாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. கேட்பான்களின் பட்டியலை அறிவிக்கும் வரியிலேயே "புதிய அர்ரேலிஸ்ட்" என்று தொடக்க மதிப்புக் கொடுத்திருந்தாலும், கோப்பிலிருந்து படித்த ஆப்ஜெக்ட்டில் அந்தப் புலம் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆகத்தான் இருக்கும். சீரியலைசபிள் கிளாஸைப் படிக்கும்போது, புதிய ஆப்ஜெக்ட்டை வழக்கமாக உருவாக்கித் தரும் அதன் கன்ஸ்ட்ரக்டரும் ஓடுவதில்லை, புலங்களின் தொடக்க மதிப்புகளும் ஓடுவதில்லை. மேலே போய், சீரியலைசபிள் அல்லாத முதல் தாய் கிளாஸ் எதுவோ அதன் அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் மட்டும் ஓடும். நிரல் எழுதப் பழகிய பலரும் இந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டி ஓர் ஆப்ஜெக்ட் பிறக்க முடியும் என்பது நம் வகுப்பறைப் பாடத்துக்கு முற்றிலும் புறம்பானது.

அந்தக் குறையை ஈடுகட்ட நாம் எழுதுவதுதான், கோப்பிலிருந்து படிக்கும்போது ஓடும் ரீட்ஆப்ஜெக்ட். அதில் முதல் வரியாக டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்ட்டை அழைத்துச் சாதாரணப் புலங்களை நிரப்பிக்கொண்டு, பிறகு டிரான்சியன்ட் புலங்களை நாமே கட்ட வேண்டும். இந்த மெத்தட் எந்த இன்டர்ஃபேஸிலும் இல்லை. பிரைவேட் வாய்ட் என்று, சரியான அளவுரு வகையோடு எழுதியிருந்தால் மட்டுமே ஜாவா அதைத் தேடிப்பிடித்து அழைக்கும். பப்ளிக் என்று எழுதிவிட்டாலோ, பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டாலோ பிழைச் செய்தி எதுவும் வராது. நம் மெத்தட் ஓடாமலே கிடக்கும். ஜாவா 14-இல் வந்த சீரியல் என்ற குறிப்பை மெத்தட்டின் தலையில் போட்டுவைத்தால், இத்தகைய பிழையைக் கம்பைலரைக்கொண்டு எச்சரிக்கச் செய்ய வழி உண்டு. போடுவதற்குச் செலவில்லை, போடாதிருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ரீட்ஆப்ஜெக்ட்டை இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் என்றே கருத வேண்டும். கன்ஸ்ட்ரக்டரில் காலி வண்டியின் எடை, லோடு எடையைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்று சோதித்தால், அதே சோதனை இங்கேயும் நடக்க வேண்டும், மீறினால் இன்வேலிட்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் என்ற எக்செப்ஷனை, அதாவது வேலையை நிறுத்தும் பிழை அறிவிப்பை வீச வேண்டும். ஆனால் எந்தச் சோதனை இங்கே இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதில் நிதானம் தேவை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்தின் வரம்பு 17 சதவீதம் என்பது டெல்டாவில் எல்லோரும் அறிந்தது. ஆலையும் ஏறக்குறைய அதையொட்டியே வாங்குகிறது. அதற்காக 17-க்கு மேற்பட்ட லோடைப் படிக்க மறுக்கும்படி ரீட்ஆப்ஜெக்ட்டில் எழுதிவிடக் கூடாது. 17 என்பது கொள்முதல் விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட சில ஆண்டுகளில் ஒன்றிய அரசே அதைத் தளர்த்தியிருக்கிறது. 19 சதவீத ஈரத்தோடு ஒரு லோடு வந்தது என்பது நடந்த உண்மை. அந்த உண்மையைப் படிக்க மாட்டேன் என்று நிரல் அடம்பிடித்தால் கணக்குதான் கெடும். ஈரப்பதம் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதோ எந்தப் பருவத்திலும் மாறாது. அது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

பதிப்புச் சிக்கலுக்கு வருகிறேன். என் நேரத்தில் பெரும்பங்கை விழுங்கியது இதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய சமயங்களில் அனுப்பப்படாத கோப்புகள் மடிக்கணினிகளில் தேங்கிவிடும். அவை ஆலைக்கு வந்து சேரும்போது அலுவலக நிரல் அடுத்த பதிப்புக்குப் போயிருக்கும். அப்போது முதலில் குறுக்கே நிற்பது, கிளாஸின் பதிப்பை அடையாளம் காட்டும் சீரியல்வெர்ஷன்யூஐடி என்ற எண். கிளாஸில் அந்த எண்ணை நாம் அறிவிக்காவிட்டால், கிளாஸின் பெயர், இன்டர்ஃபேஸ்கள், புலங்கள், மெத்தட்டுகள் ஆகியவற்றிலிருந்து ஜாவாவே 64 பிட் எண் ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு பப்ளிக் மெத்தட்டைச் சேர்த்தாலே எண் மாறிவிடும். பழைய கோப்பைப் படித்தால் இன்வேலிட்கிளாஸ்எக்செப்ஷன் வரும். எண் அறிவிக்கப்படாமலே புழக்கத்துக்குப் போய்விட்ட கிளாஸுக்கு இப்போது 1 என்ற எண்ணை அறிவிப்பது பயன் தராது, பழைய கோப்புகளில் இருப்பது வேறு எண் அல்லவா? ஜேடிகேயோடு வரும் சீரியல்வெர் என்ற கருவியைப் பழைய கிளாஸ் கோப்பின்மேல் ஓட்டி, அது தரும் நீண்ட எண்ணை அப்படியே புதிய கிளாஸில் எழுதிவிட வேண்டும்.

எண் பொருந்திவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. பழைய பதிப்பில் சிப்பங்களின் எண்ணிக்கை மட்டும் முழு எண்ணாக இருந்தது. அளவு என்றால் எத்தனை சிப்பம் என்பதே. அரசு நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. வியாபாரிகளின் மூட்டை 60 கிலோ. இரண்டும் ஒரே களத்திலிருந்து வரத் தொடங்கியதும் எண்ணிக்கையை வைத்து எதையும் கூட்ட முடியாமல் போயிற்று. எனவே கிலோ என்ற புதிய புலம் வந்தது. மறுநாள் காலை ஆலையின் கணக்குப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, மழைக்கு முந்தி ஏத்துன லோடெல்லாம் இருக்கு, பேரு இருக்கு, ஊரு இருக்கு, எடை மட்டும் பூஜ்யம்னு காட்டுதே."

அவர் சொன்னது ஜாவா விதிப்படி மிகச் சரியான நடத்தை. கோப்பில் இல்லாத புலத்துக்கு அதன் வகைக்குரிய இயல்பு மதிப்பு கிடைக்கும். எண்ணென்றால் பூஜ்யம், ஆப்ஜெக்ட் என்றால் நல். எந்த எச்சரிக்கையும் வராது. எக்செப்ஷனோடு நின்றுபோகும் நிரலைவிட, பூஜ்யத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும் நிரல் எனக்கு அதிகக் கலக்கம் தருவது.

இங்கேதான் சீரியல்பெர்சிஸ்டென்ட்ஃபீல்ட்ஸ் என்ற, பலரும் தொட்டுப் பார்க்காத வசதி கைகொடுக்கிறது. கிளாஸில் என்னென்ன புலங்கள் இருக்கின்றன என்பதையும் கோப்பில் என்னென்ன புலங்கள் இருக்கும் என்பதையும் அது தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. அந்தப் பெயரில் ஒரு பிரைவேட் ஸ்டேட்டிக் ஃபைனல் அணியை அறிவித்து, அதில் சிப்பம், சிப்ப எடை, கிலோ என்ற பெயர்களை அவற்றின் வகைகளோடு பட்டியலிட்டேன். கிளாஸின் உள்ளே இப்போது கிலோ மட்டுமே இருக்கிறது. ரீட்ஆப்ஜெக்ட்டில் டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாக ரீட்ஃபீல்ட்ஸ் என்று அழைத்தால், கோப்பில் இருந்த மதிப்புகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். கிலோ என்ற புலம் இந்தக் கோப்பில் உண்மையிலேயே எழுதப்பட்டதா என்று டிஃபால்ட்டட் மெத்தட்டைக் கேட்க முடியும். எழுதப்படவில்லை என்றால், சிப்பங்களின் எண்ணிக்கையை அந்தக் களத்தின் சிப்ப எடையால் பெருக்கிக் கிலோவைப் பெறுகிறோம். எழுதப்பட்ட பூஜ்யமும் எழுதப்படாத பூஜ்யமும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரே ஒரு மெத்தட்தான் சொல்கிறது. ஒரு நுணுக்கம்: இப்போதைய கிளாஸின் பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால், அது கோப்பில் இருந்தாலும் இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்தான் கிடைக்கும். அதனால்தான் கிளாஸிலிருந்து நீக்கிவிட்ட சிப்பத்தையும் பட்டியலில் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது.

எழுதும் பக்கத்தில் புட்ஃபீல்ட்ஸ் வழியாகக் கிலோவோடு சிப்பத்தையும் தொடர்ந்து எழுதுகிறேன். புதிய நிரலுக்கு அது தேவையில்லை. ஆனால் எல்லாக் களத்து மடிக்கணினிகளும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. பழைய நிரல் புதிய கோப்பைத் திறந்தால், தனக்குத் தெரியாத கிலோவைத் தாண்டிவிட்டுத் தனக்குத் தெரிந்த சிப்பத்தைப் படித்துக்கொள்ளும்.

வேபிரிட்ஜ் அறையில் எழுந்தது முற்றிலும் வேறு வகைச் சிக்கல். வண்டி இரண்டு முறை மேடை ஏறும்: லோடோடு ஒருமுறை, இறக்கியபின் காலியாக ஒருமுறை. பழைய நிரல் காலையில், ஆப்ஜெக்ட்டுகளைக் கோப்பில் எழுதும் ஓர் ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமைத் திறந்து மாலைவரை மூடாமலே வைத்திருக்கும். முதல் எடை வந்ததும் நெல்வரவை எழுதும், காலி எடை வந்ததும் அதே ஆப்ஜெக்ட்டில் நிரப்பி மறுபடி எழுதும். படித்துப் பார்த்தால் காலி எடை எங்கேயும் இராது. அந்த ஸ்ட்ரீம் தான் எழுதிய ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் நினைவில் வைத்திருக்கிறது. அதே ஆப்ஜெக்ட் இரண்டாம் முறை வந்தால், "முன்பு எழுதினேனே, அதுதான் இது" என்று சுட்டும் ஐந்து பைட்டுகளை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். இடையில் புலம் மாறியதை அது பார்ப்பதே இல்லை. ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்ட்டுகளின் பின்னலைச் சிதையாமல் காக்க இந்த ஏற்பாடு இன்றியமையாதது; நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஸ்ட்ரீமுக்கு அதுவே வினை. போதாக்குறைக்கு, எழுதிய ஆப்ஜெக்ட்டுகள் அனைத்தையும் ஸ்ட்ரீம் பிடித்துக்கொண்டிருப்பதால் நினைவகமும் விடுபடாது. ஒவ்வொரு முறை எழுதிய பிறகும், ஸ்ட்ரீமின் நினைவை அழிக்கும் ரீசெட்டை அழைப்பது எளிய தீர்வு. ரைட்அன்ஷேர்டு என்றொரு மெத்தட் இருந்தாலும், அது வெளி ஆப்ஜெக்ட்டை மட்டுமே புதிதாக எழுதும், உள்ளே இருப்பவற்றுக்குப் பழைய சுட்டலே தொடரும்; ஆகவே நான் அதை நம்புவதில்லை.

நெல் ரகம் தனிக் கிளாஸ். ஏடிடி 43, பிபிடி 5204 என்று ஒவ்வொரு ரகத்துக்கும் நிரலில் ஒரே ஓர் ஆப்ஜெக்ட் மட்டும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு, ஏனெனில் பல இடங்களில் இரண்டும் அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்த்தே ஒப்பிடுகிறார்கள். கோப்பிலிருந்து படித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் புதிய ஏடிடி 43 ஒன்று பிறந்து, இருப்புப் பட்டியலில் ஒரே ரகம் பல வரிகளாகத் தெரியும். ரீட்ரிசால்வ் மெத்தட் இதற்கென்றே இருக்கிறது: படித்து முடித்த ஆப்ஜெக்ட்டை வீசிவிட்டு, நாம் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்டை அதன் இடத்தில் வைக்கிறது. ரகப் பதிவேட்டில் தேடி, ஏற்கனவே இருப்பதைத் தருகிறோம். ஒரு களத்தில் பொன்மணி என்று எழுதியிருப்பார்கள், இன்னொரு களத்தில் அதே நெல்லைச் சிஆர் 1009 என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டும் சேரும் இடமும் இதே மெத்தட்தான். ஆனால் வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப் 1 தனி ரகம், அதை இவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. ரகங்களின் பட்டியல் மாறாததாக இருந்திருந்தால் ஈனம் (enum, மதிப்புகளை நிரலிலேயே நிலையாகப் பட்டியலிடும் வகை) போதும். ஈனத்தின் பெயர் மட்டுமே கோப்புக்குப் போகிறது, மற்றதை ஜாவாவே பார்த்துக்கொள்கிறது. புதிய ரகங்கள் வந்துகொண்டே இருக்கும் ஊரில் அதற்கு வழியில்லை.

புதிதாக ஒரு கிளாஸ் எழுதுவதாக இருந்தால், மேலே சொன்ன எதையும் நான் முதலில் எடுக்க மாட்டேன், ரைட்ரீபிளேஸை எடுப்பேன். நெல்வரவை எழுதச் சொன்னால், அது தனக்குப் பதிலாக ஒரு சிறிய பதிலியைக் கொடுக்கும். அந்தப் பதிலியில் லோடைப் பற்றிய தகவல்கள் மட்டும் எளிய புலங்களாக இருக்கும். படிக்கும்போது பதிலியின் ரீட்ரிசால்வ், நெல்வரவின் கன்ஸ்ட்ரக்டரை முறையாக அழைத்து ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தரும். சோதனைகளை இரண்டு இடத்தில் எழுத வேண்டாம், புலங்களை ஃபைனலாக (பிறகு மாற்ற முடியாதவையாக) வைத்துக்கொள்ளலாம், உள்ளமைப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். யாரேனும் பைட்டுகளைக் கையால் கோத்து நெல்வரவை நேரடியாக நுழைக்காதபடி, அதன் ரீட்ஆப்ஜெக்ட்டில் எக்செப்ஷன் மட்டும் வீசினால் போதும். ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டிக்கொள்ளும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு இந்த வழி உதவாது. 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற, தகவல்களை மட்டும் வைத்திருக்கும் கிளாஸ் வகையான ரெக்கார்டுகளோ இந்த ஒழுக்கத்தை மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன: ரெக்கார்டு எப்போதும் தன் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே படிக்கப்படுகிறது, அதில் ரீட்ஆப்ஜெக்ட் எழுதினாலும் ஜாவா கண்டுகொள்வதில்லை.

பென்டிரைவில் வரும் கோப்பை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. நெல்வரவு என்று எதிர்பார்த்துப் படித்தாலும், கோப்பில் பெயர் குறிக்கப்பட்ட எந்தக் கிளாஸும் முதலில் உருவாக்கப்பட்டு, அதன் ரீட்ஆப்ஜெக்ட்டும் ஓடிய பிறகே நமது வகைச் சோதனை நடக்கிறது. 2015-இல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகத்தின் கிளாஸ்களைக் கோத்தே கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று காட்டப்பட்டபோது, உலகின் பெரிய வணிக சர்வர்கள் பலவும் அதில் சிக்கின. 2017-இல் வந்த ஜாவா 9-இல் ஆப்ஜெக்ட்இன்புட்ஃபில்டர் சேர்க்கப்பட்டது. நம்முடைய கிளாஸ்களை மட்டும் அனுமதித்து மற்ற அனைத்தையும் மறுக்கும்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். ஜாவாவின் முதன்மை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் 2018-இல், சீரியலைசேஷனைச் சேர்த்ததே பெருந்தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யும் பிக்கிளுக்கும் இதே ஆபத்து உண்டு. நம்பாத இடத்திலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

இப்போது புதிய லோடுகள் ஜேசான் (பெயரும் மதிப்புமாக எழுதும் எளிய உரை வடிவம்) வடிவில்தான் போகின்றன. அங்கேயும் இதே கேள்விகள் வேறு உடுப்பில் வந்து நிற்கின்றன. ஜேசானைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஜிசான் நூலகம், அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒரு கிளாஸில் இல்லாவிட்டால், எந்தக் கன்ஸ்ட்ரக்டரையும் அழைக்காமல் ஆப்ஜெக்ட்டைப் படைத்துவிடுகிறது. பழைய வடிவில் இருக்கும் குறுவை, சம்பா, தாளடிக் கோப்புகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மாதிரியைச் சோதனைக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவை அனைத்தும் படிக்கப்பட்டு, கிலோக் கணக்கு முன்பு வந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படும். பழைய மடிக்கணினிகளில் கடைசியாக ஒன்றும் மாற்றப்பட்டுவிட்டால், நெல்வரவின் ரைட்ஆப்ஜெக்ட்டில் நாட்சீரியலைசபிள்எக்செப்ஷன் வீசும் ஒற்றை வரி மட்டும் இருக்கும். ரீட்ஆப்ஜெக்ட் அப்படியே தொடரும்.